பெருந்தொற்றுக் காலப் பள்ளி மீள்திறப்பும் பெற்றோர் இசைவும் (தமிழ்நாடு)

கோவிட்-19 பெருந்தொற்றால் மூடப்பட்டிருந்த பள்ளிகள் மீளத் திறக்கப்பட்டபோது, ஒரு மாணவர் நேரடி வகுப்புக்கு வருவதற்கு அவருடைய பெற்றோர் அல்லது காப்பாளர் எழுத்து மூலம் அளித்த ஒப்புதல் பெற்றோர் இசைவு எனப்பட்டது. இந்தியாவில் நடுவண் அரசு 2020 செப்டம்பர் 30 அன்று வெளியிட்ட ஊரடங்குத் தளர்வு வழிகாட்டுதல்கள் இதனைக் கட்டாயமாக்கின. தமிழ்நாட்டில் அரசு ஒரு படி மேலே சென்று, பள்ளிகளைத் திறப்பதா வேண்டாமா என்பதையே பெற்றோரிடம் கேட்டது. 2020 நவம்பரிலும் 2021 ஜனவரியிலுமாக இருமுறை கேட்கப்பட்ட இக்கேள்விக்கு இருவேறு விடைகள் கிடைத்தன. இடைப்பட்ட காலம் இரண்டு மாதங்கள் மட்டுமே.

இக்கட்டுரை அம்முடிவுகள் எடுக்கப்பட்ட சூழலையும், குறிப்பாக வடசென்னைத் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியை ஒட்டிய வள்ளூர் போன்ற ஊர்களில் ஒரு குடும்பம் எதனை எதனோடு வைத்து எண்ணிப்பார்க்க வேண்டியிருந்தது என்பதையும் விளக்குகிறது.

பின்னணி

தமிழ்நாட்டில் அனைத்துக் கல்வி நிறுவனங்களும் 2020 மார்ச் 17 முதல் மூடப்பட்டன. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. 12ஆம் வகுப்புப் பொதுத்தேர்வின் கடைசித் தாள் அதற்கு முந்தைய நாளான மார்ச் 24 அன்று நடைபெற்றது. போக்குவரத்து நின்று போனதாலும் அச்சத்தாலும் அன்று பலர் தேர்வெழுத வரவில்லை. அவர்களுக்கென ஜூலை 27 அன்று மறுதேர்வு நடத்தப்பட்டது.

மார்ச் 27 அன்று தொடங்கவிருந்த 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு முதலில் ஜூன் 1ஆம் நாளுக்கும், பின்னர் ஜூன் 15ஆம் நாளுக்கும் தள்ளிவைக்கப்பட்டது. 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் எழுத வேண்டிய தேர்வு இது. சென்னையில் தொற்று உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த நாள்களில் அத்தேர்வை நடத்துவது குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் கேள்வி எழுப்பியது. அடுத்த நாளே, ஜூன் 9 அன்று, முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி தேர்வை நீக்கி அனைவரும் தேர்ச்சி என அறிவித்தார். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடும் வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடும் கொண்டு மதிப்பெண்கள் கணக்கிடப்பட்டன. தேர்வு என்பது கடைசி நேரத்தில் இல்லாமல் போகக்கூடிய ஒன்று என்பதைப் பெற்றோர் முதன்முதலில் கண்டது இப்போதுதான்.

கற்பித்தல் தொலைக்காட்சிக்கும் திறன்பேசிக்கும் மாறியது. 2019 ஆகஸ்ட்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி 2020 ஜூலை முதல் வகுப்பு வாரியாகப் பாடங்களை ஒளிபரப்பியது. அரசுப் பள்ளிகளில் 12ஆம் வகுப்பு மாணவர்களுக்கு வழங்கப்பட்டிருந்த விலையில்லா மடிக்கணினிகளில் பாடக் காணொளிகள் பதிவேற்றித் தரப்பட்டன. தனியார் பள்ளிகள் இணையவழி வகுப்புகளை நடத்தின. இம்முறையில் புதுமை குறைவு. 1937ஆம் ஆண்டு இளம்பிள்ளை வாதம் பரவியதால் சிகாகோ நகரில் பள்ளித் திறப்பு தள்ளிப்போனபோது அங்கு வானொலி வழியாகப் பாடம் நடத்தப்பட்டது. ஒரு பெட்டியின் முன் குழந்தையைத் தனியே உட்காரவைத்துப் பாடம் படிக்கச் செய்வதில் உள்ள இடர்ப்பாடு அப்போதும் இருந்தது, இப்போதும் இருந்தது.

சட்ட நிலை

இந்திய அரசியலமைப்பின் 21அ உறுப்பின்படி 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி அடிப்படை உரிமையாகும். இதற்கான சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அவ்வயதுக் குழந்தைக்குக் கல்வி வாய்ப்பை ஏற்படுத்தித் தருவது பெற்றோரின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகவும் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டுள்ளது.

பெருந்தொற்றுக் கால வழிகாட்டுதல்கள் இந்நிலையைத் தற்காலிகமாக மாற்றியமைத்தன. 2020 அக்டோபர் 15க்குப் பின்னர் மாநிலங்கள் படிப்படியாகப் பள்ளிகளைத் திறக்கலாம், இணையவழிக் கல்வி தொடர வேண்டும், பெற்றோரின் எழுத்து மூலமான இசைவு இருந்தால் மட்டுமே மாணவர் பள்ளிக்கு வரலாம், வருகையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பன அவற்றின் சாரமாகும். இவ்வாறு, அரசு செய்ய வேண்டிய கடமையாக இருந்த ஒன்று பெற்றோர் கையெழுத்திட வேண்டிய தாளாக மாறியது. பிள்ளைக்குத் தொற்று ஏற்பட்டால் பொறுப்பு யாருடையது என்ற வினாவுக்கு அத்தாள் மறைமுகமாக விடை கூறிவிட்டது என்பதே அதன்மீது வைக்கப்பட்ட முதன்மையான குறை. மறுபுறம், அஞ்சுகிற பெற்றோரை வற்புறுத்தாமல் இருக்க வேறு வழியும் எளிதாக இல்லை.

முதல் கருத்துக்கேட்பு, நவம்பர் 2020

10 முதல் 12 வரையிலான வகுப்பு மாணவர்கள் விருப்பத்தின்பேரில் அக்டோபர் 1 முதல் பள்ளிக்கு வந்து ஆசிரியரிடம் ஐயம் தெளியலாம் என்று தமிழ்நாடு அரசு 2020 செப்டம்பரில் ஆணையிட்டு, சில நாள்களிலேயே அதனை நிறுத்திவைத்தது. பின்னர் அக்டோபர் 31 அன்று, 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் நவம்பர் 16 முதல் திறக்கப்படும் என அறிவித்தது. இவ்வறிவிப்புக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அதனையடுத்து நவம்பர் 9 அன்று மாநிலம் முழுவதும் அரசு, அரசு உதவி பெறும், தனியார் பள்ளிகளில் பெற்றோர் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடத்தப்பட்டன. நேரில் வர இயலாதவர்கள் கடிதம் மூலமாகவும் கருத்துத் தெரிவிக்கலாம் எனப்பட்டது.

கருத்துகள் ஒருமித்து அமையவில்லை. நவம்பர் 12 அன்று அரசு தன் முடிவைத் தள்ளிவைத்தது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. மாநிலத்தில் அப்போதும் நாளொன்றுக்கு 2,000க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியாகிக்கொண்டிருந்தது. தீபாவளி நவம்பர் 14 அன்று வரவிருந்தது; கடைத்தெருக்களின் கூட்டத்திற்குப் பின் என்னவாகும் என்ற ஐயம் இருந்தது. வடகிழக்குப் பருவமழையும் தொடங்கியிருந்தது. எல்லாவற்றிலும் மேலாக, ஆந்திரப் பிரதேசத்தில் நவம்பர் 2 அன்று பள்ளிகள் திறக்கப்பட்ட சில நாள்களுக்குள் 250க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கும் ஏறத்தாழ 160 ஆசிரியர்களுக்கும் தொற்று கண்டறியப்பட்ட செய்தி பரவியிருந்தது. ஆந்திர எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தினருக்கு அது தொலைதூரச் செய்தி அன்று.

அந்த எண்ணிக்கையை எப்படிப் படிப்பது என்பது தனிக் கேள்வி. பள்ளி திறந்ததை ஒட்டிப் பெருமளவில் ஆய்வு செய்யும்போது, ஏற்கெனவே ஊரில் இருந்த தொற்றும் சேர்ந்தே வெளிப்படும். பள்ளியில் பரவியது எவ்வளவு, பள்ளிக்கு வந்ததால் கண்டறியப்பட்டது எவ்வளவு என்பதை அந்த எண்ணிக்கை மட்டும் கொண்டு பிரித்தறிய முடியாது. ஆயினும் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வந்த பெற்றோர் அத்தகைய பகுப்பாய்வைச் செய்துவிட்டு வர வேண்டும் என எதிர்பார்ப்பதும் பொருந்தாது.

வள்ளூரும் வடசென்னைத் தொழிற்பகுதியும்

வள்ளூர் என்பது திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் மீஞ்சூருக்கு அண்மையில் அமைந்த ஊராகும். 500 மெகாவாட் திறனுடைய மூன்று அலகுகளைக் கொண்ட வள்ளூர் அனல்மின் நிலையம், அத்திப்பட்டிலுள்ள வடசென்னை அனல்மின் நிலையம், எண்ணூரிலுள்ள காமராசர் துறைமுகம் ஆகியன இவ்வட்டாரத்தின் பெரிய நிறுவனங்கள். தெற்கே எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் என்று சென்னைத் துறைமுகம் வரை தொழிற்சாலைகளும் மீனவர் குடியிருப்புகளும் தொடர்கின்றன. கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி ஆகியன 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. வள்ளூர் அதற்கு வெளியே உள்ளது. இதனால் ஒரே தொழிற்பகுதியில் பணிபுரியும் இரு குடும்பங்கள் இருவேறு மாவட்ட நிர்வாகங்களின் கீழ் இருந்தன. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை பல வாரங்கள் சென்னை மாநகராட்சி மண்டலங்களிலேயே மிகுதியான தொற்று இராயபுரம் மண்டலத்தில்தான் பதிவானது. ஜூன் 19 முதல் சென்னையும் அதனை ஒட்டிய மாவட்டப் பகுதிகளும் மீண்டும் முழு ஊரடங்குக்கு உட்படுத்தப்பட்டன.

இப்பகுதியின் தனித்தன்மை, இங்குள்ள வேலையின் இயல்பிலிருந்து வருகிறது. மின் உற்பத்தியும் சரக்குக் கையாளுதலும் இன்றியமையாப் பணிகள் என ஊரடங்கிலிருந்து விலக்குப் பெற்றவை. கொதிகலனையும் நிலக்கரிக் கப்பலையும் வீட்டிலிருந்து இயக்க முடியாது. தகவல் தொழில்நுட்பத் துறையில் பணிபுரியும் பெற்றோர் தாமும் வீட்டில், பிள்ளையும் வீட்டில் என இருக்க முடிந்தது. முறைப்பணிக்குச் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளியின் வீட்டில் தந்தை நாள்தோறும் வெளியே சென்று திரும்பினார். ஆகவே, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பதால் மட்டும் அவ்வீட்டுக்குள் தொற்று வராமல் தடுக்க இயலவில்லை. அதே வேளையில், பகலில் பிள்ளையைக் கவனிக்கவும் ஆளில்லை. வீட்டில் ஒரே திறன்பேசி இருந்தால் அது வேலைக்குச் செல்பவருடன் சென்றுவிடும். இணையவழிப் பாடம் மாலையில் அவர் திரும்பிய பின்னரே தொடங்க முடியும். இரவு முறைப்பணி என்றால் அதுவும் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தது வீட்டின் அளவு. ஒன்றிரண்டு அறைகளில் தாத்தா, பாட்டியும் சேர்ந்து வாழும் குடும்பத்தில், பள்ளியிலிருந்து தொற்றைக் கொண்டுவரும் பிள்ளையைத் தனிமைப்படுத்த இடமில்லை. குழந்தைகளுக்கு நோய் பெரும்பாலும் கடுமையாவதில்லை என்பது 2020ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் ஓரளவு தெளிவாகிவிட்டது. முதியோருக்கு அது பொருந்தவில்லை. எனவே இசைவுத் தாளில் கையெழுத்திட்டவர் பிள்ளைக்காக மட்டும் முடிவெடுக்கவில்லை; வீட்டின் மூலையில் கட்டிலில் இருந்த பாட்டிக்காகவும் சேர்த்தே எடுத்தார்.

போக்குவரத்தும் ஒரு காரணி. சென்னை–கும்மிடிப்பூண்டிப் புறநகர்த் தொடர்வண்டி எண்ணூர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர், பொன்னேரி வழியே செல்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட புறநகர்த் தொடர்வண்டிகள் அக்டோபரில் இன்றியமையாப் பணியாளர்களுக்கும், நவம்பர் 23 முதல் பெண்களுக்கும், டிசம்பர் 23 முதல் நெரிசல் குறைந்த நேரங்களில் ஏனையோருக்கும் திறந்துவிடப்பட்டன. முதல் கருத்துக்கேட்பு நடந்த நவம்பர் 9 அன்று வேறு ஊரில் படிக்கும் மாணவர் தொடர்வண்டியில் செல்ல வழியே இல்லை. பள்ளியைத் திறக்கலாமா என்று கேட்கும்போதே பள்ளிக்குச் செல்லும் வழி மூடியிருந்தது.

சத்துணவும் கணக்கில் வந்தது. பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது சத்துணவுப் பயனாளிகளுக்கு அரிசியும் பருப்பும் பின்னர் முட்டையும் உலர் பொருள்களாக வழங்கப்பட்டன. பள்ளியில் உண்ணும் பிள்ளைக்கு அது ஒருவேளை உணவு. வீட்டுக்கு வந்த அரிசியோ அனைவருக்குமான பானையில் சேர்ந்தது. வேலை குறைந்துபோன வீடுகளில் இவ்வேறுபாடு சிறியதன்று.

தனியார் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்கவைத்தோருக்குக் கட்டணம் பற்றிய ஐயமும் இருந்தது. 2020 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம், முந்தைய கல்வியாண்டுக் கட்டணத்தில் 40 விழுக்காட்டை முதலில் பெறலாம் என்றும், மேலும் 35 விழுக்காட்டைப் பள்ளி திறந்து இரு மாதங்களுக்குள் பெறலாம் என்றும் ஆணையிட்டது. திறப்பு நாளோடு கட்டணத் தவணை பிணைக்கப்பட்டதால், பள்ளி நிர்வாகங்கள் திறப்பை வலியுறுத்தியபோது பெற்றோர் பலர் அதனைப் படிப்பு பற்றிய கவலையாக மட்டும் பார்க்கவில்லை.

இரண்டாம் கருத்துக்கேட்பு, ஜனவரி 2021

2021 ஜனவரி 6 முதல் 8 வரை மீண்டும் பெற்றோர் கருத்துக் கேட்கப்பட்டது. இம்முறை பெரும்பான்மையினர் திறப்பை ஆதரித்தனர் என அரசு தெரிவித்தது. அதன்படி ஜனவரி 19 அன்று 10, 12ஆம் வகுப்புகள் தொடங்கின. வகுப்பறைக்கு 25 மாணவர்கள், முகக்கவசம், உடல் வெப்பநிலைச் சோதனை, பெற்றோரின் இசைவுக் கடிதம் ஆகியன விதிக்கப்பட்டன. மாணவர்களுக்கு வைட்டமின், துத்தநாக மாத்திரைகள் வழங்கப்பட்டன. சீருடையுடன் அல்லது பழைய பயண அட்டையுடன் அரசுப் பேருந்துகளில் செல்ல இசைவு தரப்பட்டது. 9, 11ஆம் வகுப்புகள் பிப்ரவரி 8 அன்று தொடங்கின.

இரண்டு மாதங்களில் பெற்றோர் மனம் மாறியதற்கு நாள்தோறும் பதிவாகும் தொற்று 600 அளவுக்குக் குறைந்தது ஒரு காரணம். மற்றொன்று, பொதுத்தேர்வு நெருங்கியது. ஓர் ஆண்டு முழுவதும் வகுப்பறையைப் பாராத பிள்ளை பொதுத்தேர்வை எப்படி எழுதும் என்ற கவலை நவம்பரில் இருந்ததைவிட ஜனவரியில் பன்மடங்கு கூடியிருந்தது. கேட்கப்பட்ட வகுப்புகளே தேர்வு வகுப்புகள் என்பதையும் கருத வேண்டும்.

பிப்ரவரி 25 அன்று, 9, 10, 11ஆம் வகுப்பு மாணவர்கள் அனைவரும் தேர்வின்றித் தேர்ச்சி பெற்றதாக முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். தேர்வை முன்னிட்டுத் தயக்கத்தோடு 10ஆம் வகுப்புப் பிள்ளையை அனுப்பத் தொடங்கிய பெற்றோருக்கு, அனுப்பி ஆறு வாரம்கூட நிறையாத நிலையில் தேர்வே இல்லை என்றானது. இரண்டாம் அலை தொடங்கியதையடுத்து மார்ச் 22 முதல் 9 முதல் 11 வரையிலான வகுப்புகள் மீண்டும் மூடப்பட்டன.

12ஆம் வகுப்பு மட்டும் செய்முறைத் தேர்வுகள் வரை தொடர்ந்தது. அதன் எழுத்துத் தேர்வு ஏப்ரலில் தள்ளிவைக்கப்பட்டது. மே 21 அன்று மாநிலத்தின் ஒருநாள் தொற்று 36,000ஐக் கடந்தது. புதிய முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், பெற்றோர், மாணவர், ஆசிரியர், சட்டமன்றக் கட்சிகள், மருத்துவ வல்லுநர்கள் ஆகியோரின் கருத்துகளைப் பெற்ற பின்னர் ஜூன் 5 அன்று தேர்வை நீக்கினார். 10ஆம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50, 11ஆம் வகுப்புக்கு 20, 12ஆம் வகுப்புச் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டுக்கு 30 விழுக்காடு என மதிப்பெண்கள் வழங்கப்பட்டன. தொற்றுக்குப் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளின் பெயரில் 5 இலட்சம் ரூபாய் வைப்புத்தொகை வைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டதும் இதே நாள்களில்தான்.

சிறு குழந்தைகளின் நிலை

இரு கருத்துக்கேட்புகளிலும் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் பெற்றோர் இடம்பெறவில்லை. 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் 2021 செப்டம்பர் 1 அன்றும், 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் நவம்பர் 1 அன்றும் திறக்கப்பட்டன. அதாவது தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் பத்தொன்பது மாதங்களுக்கும் மேலாக வகுப்பறைக்கு வெளியே இருந்தனர். 2020 மார்ச்சில் 1ஆம் வகுப்பில் இருந்த குழந்தை திரும்பி வந்தபோது 3ஆம் வகுப்பில் இருந்தது. எழுத்தறியும் பருவம் அதற்கிடையே கடந்துபோயிருந்தது.

இவ்வரிசையை அறிவியல் ஆதரித்ததா என்பது விவாதத்துக்குரியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா 2021 ஜூலையில், சிறுவர்கள் இத்தீநுண்மியைப் பெரியவர்களைவிட நன்கு எதிர்கொள்கின்றனர், ஆகவே திறப்பதாயின் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பதே ஏற்றது என்று கருத்துத் தெரிவித்தார். அக்கழகத்தின் நான்காவது தேசியக் குருதி ஆய்வில், 6 முதல் 9 வயதினரில் 57.2 விழுக்காட்டினருக்கும் 10 முதல் 17 வயதினரில் 61.6 விழுக்காட்டினருக்கும் எதிர்ப்பொருள் காணப்பட்டது. பள்ளிகள் மூடியிருந்த காலத்திலேயே குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தொற்று வந்து சென்றிருந்தது என்பதே இதன் பொருள். டென்மார்க்கு 2020 ஏப்ரல் 15 அன்றே சிறு வகுப்புகளை முதலில் திறந்தது. அங்கும் தம் குழந்தைகளைச் சோதனைப் பொருளாக்குவதா எனப் பெற்றோர் சிலர் எதிர்த்தனர். தமிழ்நாட்டில் பொதுத்தேர்வே வரிசையைத் தீர்மானித்தது எனலாம்.

இன்னும் பழைய எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 1918ஆம் ஆண்டு இன்புளுவென்சா கொள்ளைநோயின்போது அமெரிக்க நகரங்களில் பெரும்பாலானவை பள்ளிகளை மூடின. நியூயார்க்கு நகரின் சுகாதார ஆணையர் ராயல் கோப்லேண்டு மூட மறுத்தார். நெருக்கடியான குடியிருப்புகளில் இருக்கும் குழந்தைகள், நாள்தோறும் மருத்துவச் சோதனை நடைபெறும் பள்ளியில் இருப்பதே நலம் என்பது அவருடைய வாதம். இராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் பொருந்தக்கூடிய வாதமே இது. ஆனால் நாள்தோறும் மருத்துவச் சோதனை என்ற நிபந்தனை இல்லாமல் அவ்வாதம் நிற்காது.

2021 ஆகஸ்ட்டில் 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் பின்தங்கிய குடியிருப்புகளைச் சேர்ந்த ஏறத்தாழ 1,400 குழந்தைகளிடையே பொருளியலாளர் ழான் திரேசு உள்ளிட்டோர் ஒருங்கிணைத்த ஆய்வில், ஊரகக் குழந்தைகளில் 8 விழுக்காட்டினரே இணையவழியில் ஒழுங்காகப் படித்துவந்தனர் எனவும், 37 விழுக்காட்டினர் படிக்கவே இல்லை எனவும் கண்டறியப்பட்டது. ஊரகப் பெற்றோரில் 97 விழுக்காட்டினர் பள்ளி திறக்கப்பட வேண்டும் என்றனர். வசதி குறைந்த பெற்றோர் அச்சத்தால் பள்ளியை வேண்டாம் என்கின்றனர் என்ற பரவலான எண்ணத்துக்கு இவ்வெண் நேர்மாறானது.

மீள்திறப்புக்குப் பின்

2021 நவம்பர் 1 அன்று திறக்கப்பட்ட தொடக்கப் பள்ளிகள் அவ்வாரமே தீபாவளி விடுமுறையையும், அடுத்த வாரம் சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் பெய்த பெருமழை விடுமுறையையும் கண்டன. ஓமிக்ரான் அலையால் 2022 ஜனவரியில் வகுப்புகள் மீண்டும் நிறுத்தப்பட்டு, பிப்ரவரி 1 அன்று 1 முதல் 12 வரையிலான வகுப்புகள் ஒன்றாகத் திறக்கப்பட்டன. 15 முதல் 18 வயதினருக்கான தடுப்பூசி 2022 ஜனவரி 3 அன்றும், 12 முதல் 14 வயதினருக்கானது மார்ச் 16 அன்றும் தொடங்கியது. அதற்கும் கீழ்ப்பட்ட வயதுக் குழந்தைகள் தடுப்பூசியின்றியே வகுப்புகளுக்குத் திரும்பினர்.

விடுபட்ட கற்றலை ஈடுசெய்ய 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. 1 முதல் 8 வரை படிக்கும் குழந்தைகளுக்குத் தன்னார்வலர்கள் மாலை நேரங்களில் அவர்களுடைய குடியிருப்புப் பகுதியிலேயே பாடம் கற்பித்தனர். பொருளியலாளர்கள் அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டு ஊரகக் குழந்தைகள் ஏறத்தாழ 19,000 பேரிடம் மேற்கொண்ட ஆய்வு, 2021 டிசம்பரில் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் பெரும் பின்னடைவு இருந்ததையும், பள்ளி திறந்து ஆறு மாதங்களுக்குள் அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மீண்டதையும் காட்டியது. அம்மீட்சியில் ஏறக்குறைய கால்பங்கு இத்திட்டத்தால் விளைந்தது என அவர்கள் மதிப்பிட்டனர். எஞ்சிய மூன்றில் ஒரு பங்கு 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலும் மீளாமலே இருந்தது.